சேக் பரீது கடையின் முற்றம்

கட்டடக்கலைக் கல்லூரி விரிவுரையாளர் யூஜினியா மாணவர்களோடு புக்கிட் ரோத்தான் ஊரில் வேனை விட்டு இறங்கியபோது, சேக் பரீது தன் பழைய சாப்பாட்டுக் கடை வாசலிலேயே மறித்து நின்றார்.

"போதும் டீச்சர். வருஷா வருஷம் வந்து அளக்குறீங்க, போட்டோ எடுக்குறீங்க. அதுல எனக்கு என்ன லாபம்? இந்தத் தடவ முற்றத்த சிங்க் தகரம் போட்டு மூடி, கடை முழுக்க குளிருக்கு ஏர்கோன் வைக்கப் போறேன்."

"ஏன் பாய்?"

"மெயின் ரோட்டுல புதுக்கடை ஏர்கோன் போட்டு வச்சிருக்கான். கூட்டமெல்லாம் அங்கதான் லா."

கூரை திறந்த முற்றம் எப்படிக் காற்றை இழுக்கிறது, பழைய கடைகளை ஏன் அப்படிக் கட்டினார்கள் என்று விளக்க அவளிடம் ஒரு முழுப் பாடமே இருந்தது. எத்தனையோ முறை சொன்னதுதான். அன்று வெறிச்சோடிய மேசைகளைப் பார்த்ததும் அதைத் தொடங்க மனம் வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அளக்குற டேப்பை உள்ள வைங்க," என்றாள் மாணவர்களிடம். "பாய் கேட்கிற மாதிரி வரைங்க. முற்றத்த மட்டும் மூடாம முடியுமான்னு பாருங்க."

மாணவர்களில் ஒருவனான ஜோனாஸுக்கு முகம் சிவந்தது. "மிஸ், போன செமஸ்டர் பழைய கடையில கண்ணாடி வச்சதுக்கு என்னை ஃபெயில் பண்ணீங்க!"

"பண்ணேன். இப்பவும் எனக்குப் பிடிக்கல. ஆனா கடையையே பூட்டிட்டா நீ எதைக் காப்பாத்துவ?"

அவன் பென்சிலை எடுத்து வரையத் தொடங்கினான். முன்பாதிக்குக் கண்ணாடித் தடுப்பு, அங்கே மட்டும் ஏர்கோன். முற்றமும் அடுப்படியும் திறந்தபடியே. மர ஜன்னல்கள் இருந்த இடத்திலேயே.

சேக் பரீது வரைபடத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"கடை முழுக்க ஏர்கோன் வைக்கிறதவிட கரண்டு பில் பாதியாகுமா?"

"பாதின்னு சொல்ல மாட்டேன் பாய்," என்றாள் யூஜினியா. "ஆனா குறையும்."

"முற்றம் இருக்கட்டும். சமையல்காரனும் பாவம், அடுப்படியில வெந்து சாகுறான், அவனுக்குக் காத்து வேணும். ஜன்னல் மட்டும் வேணாம். எல்லாம் கரையான்."

"ரிப்பேர் பண்ணலாமே..."

"யார் பண்றது?"

அந்த மாதிரி வேலை தெரிந்த தச்சர் யாரையும் அவளுக்குத் தெரியாது.

அடுத்த மாதம் பக்கத்து ஊரான ஈஜோக்குக்குப் போகும் வழியில் கடைக்குள் நுழைந்தாள். ஜன்னல்கள் இருந்த இடத்தில் அலுமினியச் சட்டங்கள் பளபளத்தன. முன்பக்கக் குளிரில் நல்ல கூட்டம். அவள் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனாள். முற்றத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. சமையல்காரர் அதன் ஓரம் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

சேக் பரீதே தேநீர் கொண்டுவந்தார். "இப்ப சந்தோஷமா டீச்சர்?"

"தெரியல பாய்," என்றாள். பொய் சொல்லத் தெம்பில்லை.

சாரல் முகத்தில் பட்டது. நாற்காலியை நகர்த்தாமல் உட்கார்ந்து தேநீரைக் குடித்தாள்.