ஆறவைத்த தண்ணீர்

“குழாய்த் தண்ணிக்குக் காசு இல்லன்னா, கிளியத்தைக்கு மட்டும் ஏம்மா காசு குடுத்த?”

நெய்வேலி குவார்ட்டர்ஸுக்குக் குழாய் வந்த அன்று காந்திமதி கேட்டது அது. ஐந்து வயது அவளுக்கு. விளாத்திகுளத்தில் வண்டித் தண்ணீரைக் குடக்கணக்கில் விலைக்கு வாங்கிய வீட்டுப் பிள்ளை. குழாயைத் திறந்ததும், காசு வாங்க ஆள் வருகிறதா என்று வாசலைப் பார்த்தாள். “இங்க காசு கிடையாதுட்டி” என்று அம்மா சுப்புலட்சுமி சிரித்தாள். அப்போதுதான் குழந்தை அப்படிக் கேட்டது. சுப்புலட்சுமி குடத்தை நகர்த்தி வைத்தாள்.

குழாய் வருவதற்கு முன்பு லாரியில்தான் தண்ணீர். ஒருநாள் காய்ச்சலில் சுப்புலட்சுமியால் எழுந்திருக்க முடியவில்லை. கணவர் சங்கரலிங்கம் மைன்ஸில் முதல் ஷிப்ட். லாரி வந்து போய்விட்டது. பக்கத்து மனையில் வீடு கட்டும் வேலைக்கு வந்திருந்த சித்தாள் செல்லக்கிளி, குழந்தை தண்ணீருக்கு அழுவதைக் கேட்டு, தனக்கென்று ஊர்க் கிணற்றிலிருந்து கொண்டுவந்த மண்குடத்தோடு பின்வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

“நாங்க மொண்ட தண்ணிங்க. குடிப்பீங்களா?”

சுப்புலட்சுமி சொம்பை நீட்டினாள். தாயும் மகளும் குடித்தார்கள். காய்ச்சல் விடும்வரை செல்லக்கிளி கொண்டுவந்து ஊற்றினாள்; காந்திமதிக்கு அவள் கிளியத்தை ஆனாள். எழுந்து நடமாடத் தொடங்கியதும், சுப்புலட்சுமி முந்தானை முடிச்சை அவிழ்த்து நாலணாவை அவள் கையில் வைத்தாள். விளாத்திகுளத்தில் அதுதான் மரியாதை. தண்ணீர் கொண்டுவந்தவளை வெறுங்கையோடு அனுப்புகிறவளை அங்கே யாரும் மதிக்கமாட்டார்கள்.

செல்லக்கிளி காசையே பார்த்துக்கொண்டு நின்றாள். “இன்னாம்மா இது? எங்க தண்ணிய அவங்க குடிச்சாங்கன்னு வூட்ல பெருமையா சொல்லிக்கினு இருந்தேன்” என்றாள். காசைப் படியில் வைத்துவிட்டுப் போனாள். அதன்பின் பின்வாசல் பக்கம் வரவில்லை.

குழாய் வந்த அந்தக் கோடையில் செல்லக்கிளியின் ஊர்க் கிணறு சேறாகிவிட்டது. பக்கத்து மனையில் வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. பச்சைத் துணியால் வாய் கட்டிய அவள் குடம் முந்திரி மரத்தடியில் இருக்கும், உச்சிவேளைக்குள் காலியாகிவிடும். சுப்புலட்சுமி சமையலறை ஜன்னலிலிருந்து அதைப் பார்ப்பாள்.

“ஒருத்திக்கு ஊத்தினா ஊரே குடத்தைத் தூக்கிட்டு வந்துரும்” என்றாள் அடுத்த வீட்டுக் கஸ்தூரியம்மாள். “அப்புறம் தண்ணிக்கும் சம்பளத்துல பிடிக்க ஆரம்பிச்சிடுவாங்க. உங்க வீட்டுக்காரர் இன்னும் பெர்மனென்ட்கூட ஆகல, பாத்துக்கோ.”

சுப்புலட்சுமிக்கும் பயம் இல்லாமல் இல்லை. இருந்தும் வேலியோரம் போய், “குடத்தைக் கொண்டாம்மா, பிடிச்சுத் தாரேன்” என்று கூப்பிட்டாள்.

தலையிலிருந்த கலவைச் சட்டியை இறக்காமலே செல்லக்கிளி திரும்பினாள்.

“வாணாம்மா. எங்கையில நாலணா இல்லீங்களே.”

கூட நின்ற பெண்கள் சிரித்தார்கள். சுப்புலட்சுமியும் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

மாலையில் விளக்கேற்றி முருகன் படத்தின் முன்னால் கும்பிட்டபோது, தான் அன்று கொடுத்தது கூலி, செல்லக்கிளி தண்ணீர் கொடுத்தது கூலிக்கு இல்லை என்பது மட்டும் தெளிவாயிற்று. அந்தத் தண்ணீரை முகத்துக்கு நேரே திருப்பித் தர வழியில்லை.

நெய்வேலிக் குழாய்த் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் வரும். பானையில் ஊற்றி ஒரு ராத்திரி ஆறவைத்தால்தான் குடிக்க நன்றாயிருக்கும். மறுநாள் உச்சிவேளை. கான்கிரீட் போடும் அவசரத்தில் சித்தாள்கள் எல்லோரும் கட்டடத்தின் மறுபக்கம் இருந்தார்கள். கஸ்தூரியம்மாள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. காந்திமதி தூங்கிக்கொண்டிருந்தாள். சுப்புலட்சுமி வீட்டுக்கென்று ஆறவைத்திருந்த பானையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு முந்திரி மரத்தடிக்கு நடந்தாள். முருகா, யாரும் வந்துவிடக் கூடாது. குடத்தின் துணியை அவிழ்த்தாள். சத்தம் வராமல் சாய்த்து ஊற்றினாள். முடிச்சு முன்பு எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கமே திரும்பக் கட்டினாள்.

உதிர்ந்து கிடந்த ஒரு முந்திரிக் கிளையை எடுத்து, தன் காலடித் தடங்களைக் கலைத்துக்கொண்டே பின்னோக்கி நடந்து வந்தாள். வழியில் சிந்திய சொட்டுகள் மட்டும் செம்மண்ணில் கருத்துக் கிடந்தன. அவற்றை வெயில் ஒவ்வொன்றாகக் குடித்துக்கொண்டிருந்தது.