பரணில் ஏற்றிய ஒயின்

வெள்ளையன் பெரிய ஓட்டல்களில் முப்பது வருஷம் தலைமைச் சமையல்காரராக இருந்துவிட்டு, ஏற்காட்டில் ஒண்டிக்கடைப் பக்கம் ஆறே நாற்காலி போட்டு ஒரு பார் திறந்தார். ஒயினும் காக்டெயிலும் மட்டும்தான்.

கூரை வேலை மழையில் இழுத்துக்கொண்டே போனது. முன்கூட்டியே வந்துவிட்ட ஒயின் பெட்டிகளை வாழவந்தி கிராமத்திலிருந்த தன் வீட்டுப் பரணில் ஏற்றிவைத்தார். அடுப்புக்கு நேர் மேலே, விதைக் கேழ்வரகு வைக்கிற இடம். ஈரம் அண்டாது. கெடக்கூடாத எதையும் மலையில் அங்கேதான் வைப்பார்கள்.

திறப்பு நாள் சாயங்காலம் முதல் விருந்தாளி ஜேசுதாஸ், பழைய எஸ்டேட் மேனேஜர். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு கிளாஸைத் தள்ளினால் மறுநாள் எந்த எஸ்டேட்டிலிருந்தும் ஆள் வராது. வெள்ளையன் ஓட்டல் வேலையையும் விட்டுவிட்டிருந்தார்.

வெள்ளையன் முதல் பாட்டிலைத் திறந்து, கிளாஸில் ஊற்றி, மூக்கருகே சுழற்றி, சரி என்று தலையாட்டிக்கொண்டார். பக்கத்தில் நின்ற மனைவி ராசாத்தி மூக்கைச் சுளித்தாள். ஊறுகாய்க்கு ஊற்றும் புளித்த காடியின் நெடி.

ஆடியில் அவருக்கு வந்த காய்ச்சலுக்குப் பிறகே அவளுக்குச் சந்தேகம். ஒருநாள் பால் தீய்ந்து வீடே நாறியபோது, அவர் அடுப்படியிலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சமையல்காரரிடம் போய் மூக்கு இருக்கிறதா என்று எப்படிக் கேட்பது?

வெளியே ஜேசுதாஸின் ஜீப் வந்து நின்றது.

"ஏனுங்க, இது கெட்டுப்போச்சுங்க," என்றாள் ராசாத்தி.

"இதப்பத்தி உனக்கென்ன தெரியும்?"

"காடி தெரியுமுங்க. காச்சலுக்கப்புறம் உங்களுக்குத்தான் வாசமே தெரியறதில்லீங்க."

அவர் முகம் இறுகியது. கிளாஸை விட்டெறிவார் என்றே நினைத்தாள். செருப்புச் சத்தம் படியேறியது. அவர் இன்னொரு பாட்டிலைத் திறந்து அவள் முகத்தருகே நீட்டினார். இதுவும் கெட்டதுதான் என்று அவள் தலையசைத்தாள். மூன்றாவதும் அப்படியே.

"பரண் சூடு," என்றார் மெல்ல.

பிறகு கை வேகமெடுத்தது. ஆரஞ்சுச் சாறு, சர்க்கரைப் பாகு, ஜின், அந்தக் காடியிலேயே ஒரு கரண்டி. கலக்கி, உப்புப் பார்க்கக் கொடுப்பதுபோல அவள் உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டார். ஆயுசில் மது தொடாதவள் கண்ணை மூடிக்கொண்டு நக்கினாள்.

"இன்னுங் கொஞ்சம் பாகுங்க."

விட்டார்.

"போதுமுங்க."

ஜேசுதாஸ் உட்கார்ந்ததும் ஒயின் கேட்டார். முதலில் இதைக் குடிக்கச் சொல்லி வெள்ளையன் கிளாஸை நகர்த்தினார். பாதி குடித்தவர் கிளாஸை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார். ராசாத்தி முந்தானையில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"இதுல என்னய்யா போட்டே?"

"ஒயினுதானுங்க."

"நொம்பக் கள்ளன்யா நீ. இன்னொண்ணு ஊத்து."

வெள்ளையன் அவரைப் பார்க்கவில்லை. பாகுக் கிண்ணத்தை இழுத்துக் கலக்கிவிட்டு, ராசாத்தி பக்கம் திரும்பினார். அவள் கையை நீட்டினாள். வெள்ளையன் உயிரோடு இருந்தவரைக்கும் அந்தக் கையைத் தாண்டாமல் ஒரு கிளாஸும் மேஜைக்குப் போகவில்லை.