எதிர்ப்பக்கம் சாய்ந்த தையல்

சங்கக் கட்டடத்தில் பலகை மாட்டப்போகிறார்கள் என்று காதில் விழுந்த நாளிலிருந்து அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தோல் தொழிலாளர் சங்கம் நடத்தும் சனிக்கிழமை வகுப்புக்கு நிரந்தர ஆசிரியை என்று அதில் எழுதியிருப்பது அவளுடைய தங்கையின் பெயரை. முப்பது வருஷம் பட்டறையில் குனிந்து முதுகு கூன் விழுந்தது யாருக்கு? தங்கைக்கு வாய் நீளம், அவ்வளவுதான்.

அப்பா வைத்த பட்டறை. இரண்டு பேருக்கும் அவர்தான் தொழிலைச் சொல்லிக்கொடுத்தார். அக்கா தைத்தாள், தங்கை பேசினாள். பேசியவளுக்குப் பலகையாம். இது எந்த ஊர் நியாயம் என்று நூலுக்கு மெழுகு தடவும்போதெல்லாம் அக்கா முணுமுணுத்தாள். பலகை ஏறிவிட்டால் பரம்பரைத் தொழில் முழுக்கத் தங்கை பேரில் போய்விடும். அதைத் தடுத்தே ஆகவேண்டும் என்று சனிக்கிழமை நேரே வகுப்புக்கே போய்விட்டாள்.

நீள மேசையைச் சுற்றிப் பத்துப் பேர். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர், இரவு வேலை முடித்துத் தூங்காமல் வந்திருந்த ஒரு நர்ஸ், இப்படி. சங்கச் செயலாளர் சுத்தியலும் கையுமாகச் சுவரில் இடம் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை ஒரு பழைய தோள்பையைத் தூக்கிக் காட்டினாள்.

"இந்தத் தையலைத் தடவிப் பாருங்க. இப்படி ஒரு வரிசை தைக்க வந்துட்டா, நீங்க அப்புறம் இங்க வரவே வேணாம்."

பை கைமாறிப் போனது. நர்ஸ் அதைக் கைக்குழந்தையை வாங்குவதுபோல வாங்கினாள். அக்காவுக்கு வயிறு பற்றி எரிந்தது. தான் தைத்த பையைத் தானே மெச்சிக்கொள்ள என்ன நெஞ்சழுத்தம் வேண்டும்!

"குடுங்க இப்படி" என்று வாங்கிப் புரட்டினாள். "தையல் பூரா எதிர்ப்பக்கம் சாஞ்சிருக்கு. நம்ம பட்டறையில யாரு இப்படித் தைப்பா? மெஷின்ல ஓட்டிட்டு ஊரை ஏமாத்துறியா?"

"கைத்தையல்தான்க்கா."

"அதையும் பாத்துடலாம்." அக்கா மேசையிலிருந்த கத்தியை எடுத்தாள். "மெஷின் தையல்னா ஒண்ணை அறுத்து இழுத்தா வரிசையே கழண்டுக்கும். கைத்தையல்ல ஒரே நூலோட ரெண்டு முனையிலயும் ஊசி. ஒரே ஓட்டையில எதிரெதிரா போகும். ஒண்ணு அறுந்தாலும் இன்னொண்ணு விடாது."

தங்கை வேண்டாம் என்று கை நீட்டுவதற்குள் ஒன்றை அறுத்து இழுத்தாள். அசையவில்லை. அடுத்ததையும் அறுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். பை இம்மியும் பிரியவில்லை. செயலாளர் ஆணியடிக்க மறந்து நின்றார்.

"யாரு தைச்சது?" அக்காவின் குரல் இறங்கிவிட்டது.

"நீதான். இடது கையில கத்தி பட்டு நரம்பு அறுந்துச்சே, அதுக்கு முந்தி. அப்ப நீ இடது கைக்காரி. உன் தையல் இப்படித்தான் சாயும்."

அக்காவின் இடது பெருவிரல் இன்றும் முழுதாக மடங்காது. வலது கைக்குப் பழக இரண்டு வருஷம் ஆயிற்று. அந்தக் காலத்தை நினைக்கவே பிடிக்காமல் ஒதுக்கி வைத்திருந்தாள். போதாததற்குப் பொறாமை வேறு கண்ணைக் கட்டிவிட்டது.

"வித்த பையாச்சே. உங்கிட்ட எப்படி?"

"வாங்கினவங்க வீட்டுக்குப் போய்க் கெஞ்சி வாங்கிட்டு வந்தேன். எத்தனையோ தடவை பாத்துப் பாத்துத் தைச்சேன், வரல. வயித்தெரிச்சல்ல அழுதிருக்கேன்க்கா. எனக்கு மட்டும் கை வந்திருந்தா நான் ஏன் வாயை வளர்க்கப் போறேன்?"

அக்காவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இரண்டு ஊசி கேட்டு வாங்கினாள். அறுத்த இடத்தைத் தைக்க ஆரம்பித்தாள்.

"பலகையை என்னம்மா பண்றது?" என்றார் செயலாளர்.

"மாட்டுங்க. அவ பேருதான் சரி."

தைத்து முடித்த பையை டிரைவர் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "ஏம்மா, இந்த ரெண்டு மட்டும் வேற பக்கமா சாஞ்சிருக்கே?"

மிச்ச நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள் அக்கா.

"அது என் வயித்தெரிச்சல். அப்படியே இருக்கட்டும், வகுப்புக்கு உதவும்."