பஞ்சடைத்த குழாயில் குளவிகள்

1

மாடியில் குடியிருக்கும் பெலிண்டா கொடுத்துவிட்டுப் போன ஒரு கண்ணாடிக் குழாயிலிருந்துதான் இந்தக் கதை வந்தது. பஞ்சடைத்த அந்தக் குழாய்க்குள் கடுகைவிடச் சின்னதாக ஐந்தாறு குளவிகள். ஸ்ரீரங்கத்தில் தனிக்கட்டையாக இருக்கும் எனக்கு இன்று பேச்சுத்துணை இவைதான்.

"காவிரியில் தண்ணீர் வந்த அன்று பெலிண்டா…"

இந்தத் தொடக்கம் வேண்டாம். காவிரிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

2

பெலிண்டா ஆராய்ச்சி மாணவி. மொட்டைமாடியில் வலைக்கூண்டு போட்டு, அவரைச் செடிகளில் சாறுறிஞ்சும் அசுவினிப் பூச்சி வளர்க்கிறாள். பூச்சிக்குள் ஒரு பாக்டீரியா குடியிருக்கிறது. அந்த பாக்டீரியாவுக்குள் ஒரு வைரஸ். குளவி வந்து பூச்சியின் உடம்பில் முட்டையிட்டால், வைரஸ் தரும் நஞ்சுதான் குளவிப் புழுவைக் கொல்கிறது. காலங்காலமாக ஒன்றையொன்று மாற்றி, தாமும் மாறி வந்தவை இவை. (இங்கே கூட்டுக்குடும்பம் என்று ஓர் உவமை எழுதி அடித்துவிட்டேன். அதைப்பற்றி எனக்கென்ன தெரியும்?)

ஒரு குளவிகூட நுழையாமல் கண்ணும் கருத்துமாகக் காத்தாள். அதுவே வினையாகிவிட்டது.

"குளவியே இல்லாததால, வைரஸைத் தொலைச்ச பூச்சியும் பிழைச்சுக்கிச்சு அங்கிள். அதுங்களுக்குள்ள பாக்டீரியா கன்னாபின்னான்னு பெருகி, இப்ப நோஞ்சானாக் கிடக்குதுங்க. குளவிய விட்டாத்தான் வைரஸ் இருக்கிற பூச்சி மட்டும் மிஞ்சும்."

"ஒண்ணுமே மிஞ்சலேன்னா?"

"என் ஆராய்ச்சி போச்சு. எங்க வீட்டுக்கே, எடமலைப்பட்டி புதூருக்கே போயிடுவேன்."

"மிஞ்சினா?"

"முடிச்சிட்டு ஜெர்மனி!" என்று சிரித்தாள்.

அவள் அம்மா ரோசம்மாளுக்குப் புத்தூர் ஆஸ்பத்திரியில் மூட்டு ஆபரேஷன். துணைக்குக் கிளம்பும்போது குழாயை என் கையில் வைத்தாள். "கூண்டுக்குள்ள வச்சுப் பஞ்சை எடுத்துடுங்க அங்கிள். இன்னைக்கே விட்டுடணும், இல்லன்னா செத்துடும். அடுத்த சீசன்லதான் மறுபடி குளவி கிடைக்கும்."

3

முடிவு அ: பூச்சிகள் பிழைக்கின்றன. பெலிண்டா விமானம் ஏறுகிறாள்.

முடிவு ஆ: எல்லாம் சாகின்றன. சாமான்கள் ஆட்டோவில் ஏறுகின்றன.

எப்படி எழுதினாலும் மாடி காலியாகிறது. படிக்கட்டில் அவள் செருப்புச் சத்தம் கேட்காத வீட்டை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

முடிவு இ: குளவிகள் குழாயிலேயே சாகின்றன. பெலிண்டா அழுகிறாள், அடுத்த சீசன்வரை தங்குகிறாள்.*

* இதை மட்டும் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். இந்தக் கதைசொல்லியை நல்லவனாகத்தான் படைத்திருந்தேன். இப்போது சந்தேகமாக இருக்கிறது.

4

போன் வந்தது.

"விட்டுட்டீங்களா அங்கிள்?"

"இதோம்மா."

"நீங்க இருக்கீங்கன்னுதான் தைரியமா வந்தேன்."

மாடிக்கு வந்துவிட்டேன். குழாய் கூண்டுக்குள் இருக்கிறது, விரல் பஞ்சின்மேல். எழுத வேண்டியது இன்னும் ஒரே ஒரு வாக்கியம். அதை எழுதிவிட்டால் நீங்களும் எழுந்து போய்விடுவீர்கள். அதனால் அதை நீங்களே எழுதுங்கள். உடனே வேண்டாம், கொஞ்ச நேரம் இருந்துவிட்டு.