கேட்கிற பக்கம்

மிட்டாய் டப்பா வரக் கூடாது. இந்த ஒரு தடவை மட்டும் வரக் கூடாது. இத்தனை வருஷமாக வந்தபோதெல்லாம் நான் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்த முகமாக வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். இந்தத் தடவை மட்டும் அந்த மனுஷனுக்குக் கால் சுளுக்கிக்கொள்ளட்டும். டப்பா மூடி துருப்பிடித்துத் திறக்காமல் போகட்டும்.

உள்ளே இப்படி ஓடிக்கொண்டிருந்தாலும் அவள் முகம் எப்போதும் போலத்தான் இருந்தது. எதிரே திரையில், சாம்பல் புள்ளிகளின் மழைக்கு நடுவே, ஒரு மெல்லிய கோடு சாய்ந்து இறங்கிக்கொண்டிருந்தது. தலை வாரும்போது தரையில் உதிர்ந்த ஒற்றை முடி மாதிரி.

அவர்கள் வேலைக்குக் கேட்பது என்று பெயர். உண்மையில் யாரும் காதில் எதையும் மாட்டிக்கொள்வதில்லை. வெளியே பள்ளத்தில் நிற்கும் வானொலித் தொலைநோக்கியின் பெரிய தட்டு ஏதாவது ஒரு நட்சத்திரத்தைப் பார்த்து வாய் பிளந்து நிற்கும். அங்கிருந்து வரும் வானொலி அலைகள் திரையில் புள்ளிகளாக விழும். வானம் தானாகப் போடும் சத்தம் கலைந்து பரவி விழும். இப்படி ஒல்லியாக ஒரு கோடு விழ வேண்டுமென்றால் அதை யாராவது அனுப்ப வேண்டும். அந்த நட்சத்திரத்தைச் சுற்றும் ஏதோ ஒரு கிரகத்தில், யாராவது.

அந்த யாராவதுக்காக அவள் பாதி ஆயுளாகக் காத்திருக்கிறாள்.

"அக்கா, திருப்பட்டுமா?" என்றான் பக்கத்து மேசைக்காரன். தட்டைத் திருப்புவது அவன் பொறுப்பு. அதனால் எல்லாருக்கும் அவன் திருகாணி.

"திருப்பு."

தட்டு நட்சத்திரத்தை விட்டு விலகியது. கோடு மறைந்தது. திரும்ப நட்சத்திரத்துக்கு வந்தது. கோடும் வந்தது.

"நிஜமாவே அங்கேருந்துதான் வருது போலக்கா," என்றான் திருகாணி, குரலைத் தாழ்த்தி. பிறகு அவனால் சும்மா இருக்க முடியவில்லை. "அங்க இருக்கிறவங்களுக்கும் மாமியார் இருப்பாங்களா?"

"இருந்தா என்ன?"

"இருந்தா, நாம பதில் போடாம இருக்கிறதே நல்லது. வழி தெரிஞ்சுட்டா மூட்டை முடிச்சோட கிளம்பி வந்துடுவாங்க."

அவள் சிரித்தாள். அடுத்த சோதனையைத் தொடங்கினாள்.

வருஷக்கணக்கில் வெறும் புள்ளிகளையே பார்த்தால் கண் திறந்தபடியே தூங்கிவிடும். அதற்காக அங்கே ஒரு வழக்கம் இருந்தது. தலைமைப் பொறியாளர் அவ்வப்போது, ஒருவருக்கும் சொல்லாமல், கணினி வழியே ஒரு பொய்க்கோட்டைக் கலந்துவிடுவார். தட்டைத் திருப்பினால் மறையும், திரும்ப வந்தால் தெரியும். நிஜக் கோட்டுக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. கண்டுபிடிப்பவர்கள் அதை நிஜமென்றே வைத்துக்கொண்டு எல்லாச் சோதனைகளையும் முடிக்க வேண்டும். முடித்த பிறகு அவர் அறைக்கு வருவார். பொய்யென்றால் கையில் மிட்டாய் டப்பா இருக்கும். நிஜமென்றால் வெறுங்கையோடு வருவார். அவர் வெறுங்கையோடு வந்து யாரும் பார்த்ததில்லை. முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயர் மிட்டாய் மாமா.

கடைசிச் சோதனையும் முடிந்தது. கோடு எல்லாவற்றிலும் தேறியது. அவள் தகவல் சொல்லிவிட்டுக் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். வெளியே நடையில் செருப்புச் சத்தம் கேட்டது. அதோடு சேர்ந்து, தகரத்துக்குள் எதுவோ குலுங்கும் சத்தமும் கேட்டது.

"பிரமாதம்!" என்றார் மாமா உள்ளே நுழைந்தபடி. "இவ்வளவு மெல்லிசா நான் இதுவரைக்கும் போட்டதே இல்ல. வேற யாரு கண்ணுலயும் சிக்கியிருக்காது. எடுத்துக்கோங்க, எடுத்துக்கோங்க."

திருகாணி இரண்டு எடுத்துக்கொண்டான். அவளுக்கு ஆரஞ்சு நிறத்தில் ஒன்று வந்தது. பிரித்து வாயில் போட்டாள். புளித்து, பிறகு இனித்தது. கொஞ்ச நேரம் முன்வரை அங்கே யாரோ இருந்தார்கள். அவர்களுக்கு ஒரு வானம் இருந்தது. அவர்களில் ஒருத்தி இந்தப் பக்கம் திரும்பி, கேட்கிறதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டுக்கொண்டிருந்தாள். மிட்டாய் கரைவதற்குள் எல்லாம் போயிற்று.

மாமா அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். பெரிய ஜன்னல் உள்ள அறை. தட்டு முழுசாகத் தெரியும்.

"அடுத்த மாசத்தோட நான் கிளம்புறேன்மா. பொண்ணு வீட்டோட போய் இருக்கப் போறேன். இந்த நாற்காலியில நீங்க உட்காரணும்."

"நானா சார்?"

"பொய்க்கோடு போடறது லேசுப்பட்ட வேலை இல்ல. அடுத்தவங்க நம்புற மாதிரி போடணும்னா, நம்பத் தெரிஞ்ச ஆளா இருக்கணும். உங்க முகத்தை இப்போ பார்த்தேனே." சொல்லிவிட்டு அவர் பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். "யோசிச்சு நாளைக்குச் சொல்லுங்க."

"சார், ஒண்ணு கேக்கலாமா? உங்களுக்கு எப்பவாவது... ஒரு கோடு வந்தா, நிஜமா இருக்குமோன்னு தோணுமா?"

"எனக்கு எப்படிம்மா தோணும்? திரையில கோடு வந்துச்சுன்னா, அது நான் போட்டதுதானே."

அவர் சிரிக்காமல்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா தொலைபேசியில் இருந்தாள். நாற்காலியில் கால்களை மடக்கி ஏற்றி, ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"குழாய் இன்னும் ஒழுகிட்டுத்தான் இருக்கு. உங்க அப்பா இருந்திருந்தா முதல்ல திட்டிட்டு அப்புறமா சரி பண்ணியிருப்பார். நீ சாப்பிடறியா ஒழுங்கா? இளைச்சுப் போயிருப்பே. பேசணும்னு இல்லடா. மூச்சு கேக்குது, அது போதும்."

ஊமை அழைப்பு. அண்ணன் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டிய பிறகு அவனைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. சில வருஷங்கள் கழித்து இந்த அழைப்புகள் தொடங்கின. மறுமுனையில் யாரும் பேசுவதில்லை. அண்ணன்தான் என்று அம்மா சொன்னாள். அப்பா செத்த அன்றுகூட, அவன் கூப்பிடுவான் என்று சொல்லித்தான் அம்மாவைச் சாப்பிட வைத்தார்கள்.

ஒருமுறை அம்மா குளிக்கப் போயிருந்தபோது அவளே தொலைபேசியை எடுத்தாள். மூச்சுக்குப் பின்னால் ஒரு மின்விசிறி சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் கிறீச்சிட்டது. அவளுடைய தங்கை வீட்டு முன்னறையில் ஒரு விசிறி அப்படித்தான் கிறீச்சிடும். "அம்மா, உனக்குத்தான்" என்று குரல் கொடுத்துவிட்டு ரிசீவரை மேசையில் வைத்தாள். தங்கையிடம் அதைப் பற்றி அவள் கேட்டதில்லை. அழைப்பவரின் எண்ணைக் காட்டும் கருவி பொருத்தித் தருகிறோம் என்று ஆட்கள் வந்தபோது, வேண்டாம் என்று அனுப்பிவிட்டாள். விசிறி எந்த ஊரிலும், எந்த வீட்டிலும் கிறீச்சிடும்.

அம்மா ரிசீவரை வைத்தாள். முகம் கழுவித் துடைத்தது போல இருந்தது.

"இன்னிக்கு ரொம்ப நேரம் இருந்தான்," என்றாள். "உன் வேலை என்னாச்சு? உன் ஆளுங்க யாராவது கூப்பிட்டாங்களா?"

"இல்லம்மா."

"கூப்பிடுவாங்க. இவ்வளவு பெரிய வானத்தைக் கட்டிட்டு நம்மள மட்டும் குடிவெச்சா, வாடகைக்கு விட்டவனுக்கே நஷ்டம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு, ஏனோ தங்கையின் நினைவும் வந்தது. அவள்மீது இத்தனை நாளும் உள்ளூர ஒரு கோபம் இருந்தது. இப்போது முதல் தடவையாக வேறொன்று உறைத்தது. இந்த வீட்டில் மணி அடிக்கும்போது அம்மாவுக்கு ஒரு மகன் உண்டு. தனக்கும், விசிறியை மறந்தால், ஒரு அண்ணன் உண்டு. தங்கைக்கு? அழைப்பதே அவள்தான் என்றால், அண்ணனாக இருக்குமோ என்று தங்கையால் ஒரு நிமிஷமாவது நினைக்க முடியுமா? எல்லாருக்கும் அவனைக் கொடுத்துவிட்டு, எத்தனை வருஷமாக அவள் அவனை எதிர்பார்க்காமலே இருக்கிறாள்?

மறுநாள் மாமாவின் அறையில் ஜன்னல் திறந்திருந்தது. தட்டு வெயிலில் வெளேரென்று நின்றது. இந்த ஜன்னலை அவளுக்கு எப்போதும் பிடிக்கும். மிட்டாய் டப்பாவைத் துடைத்து, மேசையில் அவள் பக்கமாக வைத்திருந்தார் மாமா.

"என்னம்மா, நல்ல சேதிதானே?"

"வேற யாரையாவது பாருங்க சார்."

"உங்களை மாதிரி வேற யாரு? இந்த வேலையும் யாராவது செய்யணும் இல்லையா?"

"செய்யணும் சார். இல்லேன்னு சொல்லல." அவள் டப்பாவை மெதுவாக அவர் பக்கம் நகர்த்தினாள். உள்ளே மிச்சமிருந்த மிட்டாய்கள் உருண்டன. "நான் கேக்குற பக்கமே இருந்துக்கிறேன்."