சீட்டுப் பிடித்த நைட்டிகள்

என் மாமனார் வேணுகோபாலுக்குக் கோபம் வந்தால் பருப்பு மூட்டையைப் பற்றிப் பேசுவார். ஆண்டர்சன்பேட்டையில் எங்கள் மளிகைக் கடையின் பின்பக்க அலமாரியில், நான் ஆன்லைனில் விற்கும் பாக்கெட் வைத்த நைட்டிகளை அடுக்க அனுமதித்தபோதே கறாராகச் சொல்லிவிட்டார். மாதக் கடைசியில் சரக்கு ஒன்று குறைந்தாலும் அங்கே பருப்பு மூட்டை ஏறிவிடும். அலமாரி போனால் என் வியாபாரமும் போய்விடும்.

வாங்கியது நூற்றிருபது. விற்றது எண்பத்தேழு. முப்பத்து மூன்று இருக்க வேண்டும். மூன்று முறை எண்ணினேன், மூன்று முறையும் பத்தொன்பதுதான்.

"இன்னாம்மா ரோஜா, பதினாலு நைட்டிக்கும் கால் மொளச்சிடுச்சா? நாளைக்கு மூட்டைய ஏத்தச் சொல்றேன்" என்றார் மாமா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனில் பழைய ஆர்டர்களைத் துருவித் துருவிப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். சைஸ் சரியில்லை என்ற பெங்களூர்க்காரர்களுக்குப் பதின்மூன்று நைட்டிகளை மாற்றிக் கொடுத்திருக்கிறேன். காசு வராததால் அதை எங்கேயுமே எழுதவில்லை! தினமும் ரயிலில் பெங்களூர் வேலைக்குப் போகும் என் கணவர் ராகவ்தான் கூரியர் செலவு மிச்சமென்று புதியதைக் கொடுத்துப் பழையதை வாங்கியவர்.

"வாங்கின பழசெல்லாம் எங்கங்க?"

"பத்திரமா இருக்குது" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "ரயில்ல."

மாரிகுப்பத்தில் ரயில் கிளம்பும்போதே ஏறுகிற, ராகவின் ரயில் நண்பர் சின்னசாமி, வழியில் ஏறும் நண்பர்களுக்குச் சீட்டுப் பிடித்து வைப்பார். துண்டு போட்டால் தள்ளிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்களாம். ஒட்டின பார்சல் என்றால் யாரும் தொடுவதில்லையாம், அதனால் ராகவ் திரும்பி வந்ததையெல்லாம் பார்சலோடு அவரிடமே கொடுத்துவிட்டாராம். என் சரக்கு ஒரு மாதமாகச் சீட்டுப் பிடித்துக்கொண்டிருக்கிறது!

மறுநாள் காலை நானும் ராகவோடு ஊரிகத்தில் ரயில் ஏறினேன். பதின்மூன்று சீட்டுகளில் பதின்மூன்று பார்சல்கள், கசங்காமல் உட்கார்ந்திருந்தன. சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அள்ளிப் பையில் போட்டேன்.

"யம்மா, இன்னாம்மா இது, எல்லா சீட்டும் போச்சே!" என்று சின்னசாமி கத்தினார்.

அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிட்டேன். ராகவ் பெங்களூர் வரைக்கும் நின்றுகொண்டே போனாராம். நன்றாக வேண்டும்.

கடைக்கு வந்து நோட்டில் புதிதாக இரண்டு பத்தி சேர்த்தேன். மாற்றிக் கொடுத்தது பதின்மூன்று, திரும்பி வந்தது பதின்மூன்று. இப்போது அலமாரியில் முப்பத்திரண்டு. எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது.

மாமா விரலை மடக்கி மடக்கி எண்ணினார். "இன்னும் ஒண்ணு கொறயுது. ஒண்ணுன்னாலும் ஒண்ணுதான்" என்று மூட்டைகளைப் பார்த்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது என் மாமியார் சகுந்தலா உள்ளிருந்து காபியோடு வந்தார். அன்றைக்குப் புடவை கட்டியிருக்கவில்லை. டம்ளரை வைத்துவிட்டு, இடுப்புப் பக்கத்து பாக்கெட்டில் கையை விட்டுக் கல்லாப்பெட்டிச் சாவியை எடுத்து மாமாவிடம் நீட்டினார்.

"சாவி வெச்சிக்க ரொம்ப சௌகரியமா இருக்குதுங்க. அதான் போன வாரமே ஒண்ணு எடுத்துக்கினேன்."

மாமா அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். என் பேனாவை வாங்கி, நோட்டில் தானே மூன்றாவதாக ஒரு பத்தி சேர்த்து, 'வீட்டுக்கு எடுத்தது: ஒன்று' என்று எழுதினார். பிறகு கல்லாவைத் திறந்து, பேரம் பேசாமல், இரண்டு நைட்டிக்கான விலையை எண்ணி வைத்தார்.

"நீலத்துல இன்னொண்ணு குடும்மா" என்றார். "மூட்டைய கடை முன்னாடியே போட்டுக்கலாம்."