ஓட்டுத் துரையின் மணி

ட்ரெஸ்லர் துரையை நான் முதல் நாளிலிருந்தே நம்பவில்லை. காரணம் கேட்டால், அவர் கைகொடுத்த விதம் என்றுதான் சொல்வேன். மலாயாவில் செமோருக்கு அப்பால், எங்கள் கல்லுமலை ரப்பர்த் தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் வந்து இறங்கியவர், பால் வெட்டுகிற ஒவ்வொருவரிடமும் போய்க் கை நீட்டினார். வெள்ளைக்காரர் ஒருவர் தங்கள் கையைத் தொட்டதில் எல்லோரும் பூரித்துப் போனார்கள். நான் அவர் கண்ணைப் பார்த்தேன். ஒருவர் கையைப் பிடித்திருக்கும்போதே அது அடுத்தவர் மேல் இருந்தது.

சண்டை வருவதற்கு மூன்று வருடம் முன்பு நடந்தது இது. அவர் பேசியதைத் தமிழில் சொல்ல நின்றவர் என் கணவர் சதாசிவம், தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. நான் ஈப்போவில் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் ஏழாவது வரை படித்தவள், ஆங்கிலம் புரியும். பெண்களோடு நின்று கேட்டேன்.

துரை தன் கதையைச் சொன்னார். நிலக்கரி வெட்டியவரின் மகன். வக்கீலுக்குப் படித்து, அமெரிக்கக் காங்கிரஸ் சபைக்கு மூன்று முறை ஓட்டில் ஜெயித்து, நான்காவது முறை தோற்றவர். தோற்ற கையோடு நியூயார்க்கில் பங்குக் கம்பெனி திறந்தாராம். முன்பு ஓட்டுப் போட்ட கடைக்காரர்களும் விதவைகளும் இப்போது அவரை நம்பிப் பணம் போட்டார்களாம். அந்தப் பணம் ரயில் கம்பெனியாகி, டயர் கம்பெனியாகி, கடைசியில் எங்கள் தோட்டமும் ஆகியிருந்தது. இதைச் சொல்லும்போது அவருக்கு ஒரே சிரிப்பு. அன்றிலிருந்து அவர் எங்களுக்கு ஓட்டுத் துரை.

முடிக்கும்போது, "உங்கள் முகங்களை நான் என்றும் மறக்க மாட்டேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

என் கணவர் தமிழில் சொன்னது வேறு. "தொரை திரும்பி வருவாரு. வந்து இங்க ஒரு ஆஸ்பத்திரி கட்டித் தருவாரு."

களமே அதிர்ந்தது. முன்வரிசையில் நின்ற கருப்பம்மாள் தலைக்கு மேல் கையெடுத்துக் கும்பிட்டாள். ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், மாட்டு வண்டியிலேயே மகனைப் பறிகொடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை அவளுக்கு.

துரை வியந்துபோய், "அப்படி என்ன சொல்லிவிட்டேன்?" என்று கேட்டார். என் கணவர் மறைக்காமல் சொன்னார். துரை அவர் தோளில் தட்டி, "நீ கூட இருந்திருந்தால் நான் அந்தத் தேர்தலில் தோற்றிருக்கவே மாட்டேன்" என்று சிரித்தார்.

வீட்டில் கேட்டேன். "ஏங்க அப்படிச் சொன்னீங்க? அந்த ஆளு சொல்லவே இல்லியே."

"இத்தன பேரு காதுல விழுந்துருச்சு. இனிமே அவரால இல்லன்னு சொல்ல முடியாதுல்ல?"

"ஓட்டுக் கேட்டுப் பழகினவரு. இல்லன்னும் சொல்ல மாட்டாரு, கட்டவும் மாட்டாரு. பாருங்க."

ஆஸ்பத்திரி வரவில்லை. பினாங்கிலிருந்து மாரியம்மன் கோயிலுக்கு ஒரு பித்தளை மணி வந்தது. விளிம்பைச் சுற்றி ஆங்கிலத்தில் வெட்டியிருந்தது: கால்வின் ட்ரெஸ்லர், அமெரிக்கா, உபயம்.

ஜப்பான்காரர்கள் வந்ததும் அந்த எழுத்து விஷமாகிவிட்டது. யார் எதை எங்கே போய்ச் சொல்வார்கள் என்று தெரியாத காலம். கோப்பெங்கில் ரேடியோ கேட்டதாக ஒரு வாத்தியாரைக் கொண்டுபோனார்கள். ஈப்போ சந்தையில் முகத்தைச் சாக்கால் மூடிய ஒருவன் யாரையாவது பார்த்துத் தலையாட்டினால் போதும், அந்த ஆள் வீடு திரும்பமாட்டான். பக்கத்து வீட்டில் மரவள்ளிக் கிழங்கு வேகிற வாசனை வந்தால்கூட, நேற்று இல்லாத கிழங்கு இன்று யார் கொடுத்தது என்று மனம் கேட்டது.

என் கணவர் விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து மணியின் விளிம்பில் அப்பி, மேலே சந்தனம் பூசினார். சீனி என்கிற கோயில் பண்டாரம் எதற்கென்று கேட்டதற்கு, கண்ணு படக் கூடாதுல்ல என்று சொல்லிவைத்தார்.

"கோயில் கழுவுறது கருப்பம்மா. அவகிட்டயாவது சொல்லணுமே" என்றேன்.

"அவ தம்பி அர்ச்சுனன் யாருக்கு லோரி ஓட்டுறான்? ஜப்பான்காரனுக்குத்தானே? மூச்சு விடாத."

எனக்கும் அதே சந்தேகம் இருந்தது. சொல்லவில்லை. முதல் வருட ஆடித் திருவிழாவுக்கு மணியை அவரே துடைத்தார், எழுத்தை மட்டும் விட்டுவிட்டு.

மறு வருடம், நாற்பத்து மூன்றில், திருவிழாவன்று காலை அவர் அரிசிப் பங்கு வாங்கச் செமோருக்குப் போக வேண்டியதாயிற்று. நான் பொங்கல் பானையோடு கோயிலுக்குப் போனபோது கருப்பம்மாள் புளியும் சாம்பலுமாகக் கை நிறைய அப்பிக்கொண்டு நின்றாள்.

"கெராணியம்மா, இங்க பாருங்க! ஒரே கரி. இப்ப ஆத்தா மொகமே தெரியுது."

மணி தங்கம்போல் பளபளத்தது. ஒவ்வோர் எழுத்தும் தெரிந்தது.

"பண்டாரம், சந்தனம் இருக்கா? சீக்கிரம்!"

"இப்பத்தான்மா அரைக்க உக்காந்தேன். என்னா அவசரம்?"

அதற்குள் லாரி வந்து நின்றது. சயாம் ரயில்பாதைக்கு ஆள் பிடிக்க ஜப்பான் அதிகாரி ஒருவர் வந்திருந்தார். கூடவே மொழி சொல்ல ஜெயபாலன். ஈப்போவில் தையல் கடை வைத்திருந்தவர். சாமி கும்பிடுவதுபோல் அதிகாரி மணியை இழுத்து அடித்தார். பிறகு விரலால் விளிம்பைத் தடவி ஜெயபாலனைக் கூப்பிட்டார்.

நான் ஜெயபாலனையே பார்த்தேன். அவர் நினைத்தால் வேறு எதையாவது படித்துச் சொல்லலாம். அவரும் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு உள்ளபடியே படித்தார். பயந்து படித்தாரா, பிடித்துப் படித்தாரா, எனக்கு இன்றுவரை தெரியாது.

"யாரு இந்த அமெரிக்காக்காரன்னு ஐயா கேக்குறாரு" என்றார் ஜெயபாலன்.

கருப்பம்மாள் முந்திக்கொண்டாள். "எங்க ஓட்டுத் தொரைங்க! திரும்பி வந்து ஆஸ்பத்திரி கட்டித் தாரேன்னு சொல்லியிருக்காரு. நாங்கல்லாம் அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கோம்."

ஜெயபாலன் ஒருமுறை கருப்பம்மாளைத் திரும்பிப் பார்த்தார். ஆனாலும் சொல்லிவிட்டார். அதிகாரி கையை அசைத்தார். சிப்பாய்கள் ஆண்களையும் பெண்களையும் சுவரோரம் நிறுத்தினார்கள். "எதிரி வரக் காத்திருப்பது யார் யார்? ஒவ்வொருத்தரும் சொல்லணுமாம்" என்றார் ஜெயபாலன். அப்போதுதான் கருப்பம்மாளுக்குத் தான் சொன்னது என்னவென்று புரிந்தது.

அந்த நேரத்தில் என் கணவர் சைக்கிளில் வந்து சேர்ந்தார். மணியைப் பார்த்தார். சுவரோரம் நின்றவர்களைப் பார்த்தார். சைக்கிளை மெதுவாக வேலியில் சாய்த்தார்.

"அந்தத் தொரை அப்படிச் சொல்லவே இல்ல. நாந்தான் சொன்னேன். மணிய மறச்சதும் நாந்தான். இவங்களுக்கு ஒன்னும் தெரியாது, ஜெயபாலன். அப்படியே சொல்லுங்க."

கருப்பம்மாள் வரிசையிலிருந்து வெளியே வந்தாள். "அப்ப ஆஸ்பத்திரி?"

"இல்ல கருப்பம்மா."

"பொய்யா? நா தெனம் அந்த மனுசன் பேரச் சொல்லி வெளக்கு ஏத்துனேனே! எம் புள்ள செத்தத வச்சா வெளையாடினீங்க?"

"பேனா புடிச்ச கையாச்சே, என்ன வேணும்னாலும் எழுதும், என்ன வேணும்னாலும் பேசும்!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். யாரோ காறித் துப்பினார்கள்.

அதிகாரி அந்தக் கோபத்தை நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நடிப்பல்ல என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எல்லோரையும் விடச் சொன்னார். என் கணவரையும் மணியையும் லாரியில் ஏற்றினார்கள்.

"மங்களம், அரிசி சைக்கிள்லயே இருக்கு. எடுத்து வச்சுக்க" என்றார். அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். ஈப்போவில் கேட்டேன், தைப்பிங் சிறையில் கேட்டேன். இங்கே இல்லை என்றார்கள், இறந்தார் என்றும் யாரும் சொல்லவில்லை.

தோட்டத்தில் வேறு பேச்சு கிளம்பியது. துரை ஆஸ்பத்திரிக்குப் பணம் அனுப்பியிருப்பார், கிராணி அமுக்கியிருப்பார், மாட்டிக்கொண்டதும் பொய்யென்று சொல்லிவிட்டார். நான் தண்ணீர்க் குழாய்க்குப் போனால் பேச்சு நின்றது. என் வீட்டுக்குத் துக்கம் கேட்க ஒருவரும் வரவில்லை.

சண்டை முடிந்து, தோட்டத்தை விற்கத் துரை வந்தார். முடி நரைத்திருந்தது, கை மட்டும் அப்படியே நீண்டது. மொழி சொல்ல வேறு ஆள் இல்லாததால் என்னைக் கூப்பிட்டார்கள். "முன்பு இருந்தவர் எங்கே?" என்று கேட்டார். "உங்கள் மணியோடு போய்விட்டார்" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

பேசினார். கடைசியில், "உங்கள் முகங்களை நான் மறக்கவில்லை" என்றார்.

"ஒங்க மூஞ்சிய மறக்கலியாம்" என்றேன்.

"வேற?" கருப்பம்மாள் முன்வரிசையில்தான் நின்றாள்.

"வேற ஒன்னும் சொல்லல."

"ஆஸ்பத்திரிக்குப் பணம் கிணம் அனுப்புனாரான்னு கேளுங்க."

கேட்டேன். துரை புருவத்தைத் தூக்கினார். "ஆஸ்பத்திரியா? எந்த ஆஸ்பத்திரி?"

ஆங்கிலமானாலும் அந்தச் சொல் எல்லோருக்கும் தெரியும். நான் தமிழில் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

துரை ஆபீஸ் படியிறங்கிக் கை நீட்டினார். கருப்பம்மாள் தன் கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"அன்னைக்கு எங்களுக்குப் பதிலா லோரியில ஏறுனாரு. அவருக்கு எப்ப தெவசம் குடுக்கறீங்கம்மா?"

"நாள் தெரியாது கருப்பம்மா. ஆடி அமாவாசைக்குக் குடுக்கறேன்."

"நானும் வாரேன்."

"அவள் என்ன கேட்கிறாள்?" என்றார் துரை, நீட்டிய கையோடு.

"உங்களைப் பற்றி இல்லை" என்றேன்.